ஆட்டத்தின் வேகம்

கணினியிற் கூடைப்பந்தாடும் மாணவர் பலர், எவரை அணியிற் சேர்ப்பது என்று ஆராயும் அளவிற் பாதியேனும் ஆட்டத்தின் வேகத்தைப்பற்றி ஆராய்வதில்லை. விரைவு, நடுத்தரம், மந்தம் என மூன்று காட்டப்படின், கை தானே விரைவின்மேற் செல்லுகின்றது. புள்ளிகள் பெருகக் காண்பதில் ஓர் இன்பம் உண்டு, மறுக்கின்றிலேம். ஆயினும் அவ்வின்பத்தின் பொருட்டுத் தோற்பது நன்றன்று.

ஓர் அணி பந்தைக் கூடையிலிட்டாலும் பறிகொடுத்தாலும் அடுத்த முறை மாற்றணியாருடையதே. ஆதலின் வேகத்தால் நமக்கு எத்துணை முறைகள் மிகுமோ, ஏறக்குறைய அத்துணையே அவர்க்கும் மிகும். 1990-91ஆம் பருவத்தில் அமெரிக்க நாட்டு டென்வர் நக்கெட்ஸ் அணியார் ஓட்டமே உருவாக ஆடி, ஆட்டமொன்றுக்கு ஏறத்தாழ 120 புள்ளிகள் ஈட்டினர். கொடுத்தனவோ ஏறத்தாழ 131! 82 ஆட்டங்களில் வென்றவை இருபதே.

பின் வேகத்தாற் பயன் யாதோவெனின், அது வலியாரது மேம்பாட்டை வெளிப்படுத்தும். நூற்றுக்கு 60 பங்கு வெல்லும் வாய்ப்புடையான், ஐந்து முறை மோதி மூன்றேனும் வெல்லவேண்டுமெனின் அவ்வாய்ப்பு 68 ஆகின்றது. முறைகள் பெருகப் பெருக மெலியார்க்கு நற்பேறு துணைசெய்யாதொழியும். எனவே அவற்றைச் சுருக்குதலே மெலியார்க்கு அறிவுடைமை. 1950 நவம்பர் 22ஆம் நாள் ஃபோர்ட் வெயின் பிஸ்டன்ஸ் அணியார், நெடியரான ஜார்ஜ் மைக்கனைக் கொண்ட மினியாப்பொலிஸ் லேக்கர்ஸ் அணியாரைப் பந்தைப் பிடித்து வைத்தே 19-18 என வென்றனர். அப்பதினெட்டில் மைக்கன் ஒருவர் எடுத்தவை 15. காண்போர்க்கு அவ்வாட்டம் சுவைத்திராது என்பது மெய்யே. இத்தகைய ஆட்டங்களைத் தடுக்கவன்றோ 1954இல் 24 நொடிக்குள் எறியவேண்டும் என்னும் விதி பிறந்தது! ஆயினும் விதிக்குட்பட்டே மெல்ல ஆடுதல் கூடும். 1996இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர், முந்தைய ஆண்டின் வாகையரான யு.சி.எல்.ஏ. அணியாரை 43-41 என வென்றது அவ்வாறே. இதனைக் கோழைமை என்பார் கூற்றை யாம் ஏலோம். வலியாரோடு அவர் விரும்பும் வண்ணமே பொருதல் வீரமாகுமோ?

திருக்குறளில் வலியறிதலுக்குப் பின்னரே காலமறிதல் வைக்கப்பட்டுள்ளது. நம் இளைஞரோ வேகத்தை முன்னர்த் தேர்ந்து, தம் வலியைப் பின்னர் அறிகின்றனர். மாற்றாட்டக்காரர் போதிய அளவில் இல்லாதவழி, வலிய அணியும் விரைந்தோடிக் களைத்துவிடும். மெலிய அணியும் இறுதிக் காற்பகுதியிற் பத்துப் புள்ளி பின்தங்கி நிற்குமாயின், மந்தத்தைக் கைவிட்டு ஓடியே ஆகவேண்டும். அந்நிலையிற் குறைந்த முறைகள் மாற்றார்க்கே காவலாம்.