இரண்டாம் சனி, நான்காம் சனி

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் மட்டும் அந்த ஒர்க்‌ஷாப்பின் ஷட்டர் மதியம் வரை திறக்காது. குரோம்பேட்டையில், டூ வீலர் ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடை. வழக்கமாக வருபவர்களுக்கு இது பழகிவிட்டது. புதிதாக யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றால், "அண்ணன் பொண்ணைப் பார்க்கப் போயிருக்காரு. ரெண்டு மணிக்கு மேல வாங்க" என்று பக்கத்து டீக்கடைக்காரரே பதில் சொல்லி அனுப்பிவிடுவார்.

அந்த நாட்களில் மெக்கானிக் ஐந்து மணிக்கே எழுந்துவிடுவார். முதல் வேலை, கை கழுவுவது. முதலில் மண்ணெண்ணெய், பிறகு சோப்புத்தூள், கடைசியாக எலுமிச்சம்பழத் தோல். நகக்கண்ணில் தங்கிய கிரீஸை பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பார். இதைக் கற்றுக்கொடுத்ததே மகள்தான். "அப்பா, உன் கை பெட்ரோல் நாத்தம். தலையைத் தொடாதே" என்று நான்கு வயதில் சொன்னாள்.

அப்போது மனைவிக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். குழந்தையை எல்.கே.ஜி-க்குக் கிளப்புவது அவர் பொறுப்பு. இட்லி ஊட்டுவது, ஷூ மாட்டுவது எல்லாம் வந்துவிட்டது. ரெட்டைச் சடை மட்டும் வரவே இல்லை. முதல் வாரம் ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் நின்றது. மிஸ் சிரித்தார்கள் என்று குழந்தை அழுதாள். அன்று இரவு அவர் கிளட்ச் கேபிள் மூன்றை ஆணியில் மாட்டி, பின்னிப் பின்னிப் பழகினார். அடுத்த திங்கட்கிழமை இரண்டு சடையும் ஒரே உயரத்தில் நின்றன. சிவப்பு ரிப்பன் வைத்துக் கட்டி, ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக் கூட்டிப் போனார். ஏறக்குறைய ஒன்றரை வருடம் அந்தச் சடை அவர் கையால்தான்.

இப்போது மகளுக்கு 8 வயது. தாம்பரத்திலிருந்து வரும் மின்சார ரயிலில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, உயர் நீதிமன்ற வளாகத்துக்கு நடந்து போய்த்தான் அவளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் சனி, நான்காம் சனி. காலை பத்து முதல் பன்னிரண்டு வரை.

பிரிவுக்கு யார் காரணம் என்பது வழக்குக் கட்டில் இருக்கிறது. கடையை விரிவாக்க வாங்கிய கடன், திருப்பிக் கட்ட முடியாத தவணை, அடகுக்குப் போன நகை, இரவானால் சண்டை. பல வீடுகளில் நடப்பதுதான். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் மனைவி குழந்தையோடு அம்மா வீட்டுக்குப் போனார். திரும்பவில்லை. குழந்தை அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா மாதம் இருமுறை பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது.

உத்தரவு வந்த அன்று, தான் தோற்றுவிட்டதாகவே நினைத்தார் மெக்கானிக். நிறைய அப்பாக்களும் அம்மாக்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. காப்பாளர்கள் பற்றிய 1890-ம் ஆண்டுச் சட்டமும், இந்து இளவர் மற்றும் காப்பாளர் பற்றிய 1956-ம் ஆண்டுச் சட்டமும் முதலில் வைப்பது குழந்தையின் நலனை. 1956-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, 5 வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயின் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் குழந்தை யாரிடம் வளர்ந்தால் நல்லது என்று நீதிமன்றம் பார்க்கிறது. விவரம் தெரிந்த வயது என்றால் குழந்தையின் விருப்பத்தையும் கேட்கலாம். 'குழந்தை யாருக்குச் சொந்தம்' என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

இதை வக்கீல் பொறுமையாகச் சொன்னார். அவர் காதில் ஏறவில்லை. மாதத்துக்கு நான்கு மணி நேரம். அதை எப்படி நிரப்புவது என்பதிலேயே மனம் நின்றது.

பழசை வைத்து நிரப்பினார்.

குழந்தைகளைச் சந்திக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் கார்ட்டூன் படங்கள், ஒரு கூடையில் கை உடைந்த பொம்மைகள். பக்கத்தில் வேறு அப்பாக்கள், வேறு அம்மாக்கள், வேறு குழந்தைகள். மகள் வந்து உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார். "பாப்பா, ஞாபகம் இருக்கா? மெரினாவுல குதிரை மேல ஏற மாட்டேன்னு அழுதியே." "ஞாபகம் இருக்கா? வண்டலூர்ல வெள்ளைப் புலியைப் பார்த்து, சோப்புப் போட்டுக் குளிச்சிருக்குன்னு சொன்னியே." "ஞாபகம் இருக்கா? சடை பின்னும்போது தூங்கி விழுவியே."

முதல் சில மாதங்கள் அவள் சிரித்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் பாப் கட் செய்துகொண்டு வந்தாள். சட்டைப்பையில் மடித்து வைத்திருந்த சிவப்பு ரிப்பனை அவர் வெளியே எடுக்கவில்லை.

அன்று அவள் சொன்ன ஒரு வார்த்தை அதைவிட வலித்தது. "நீங்க தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். பிறந்ததிலிருந்து 'நீ, வா, போ' என்று கூப்பிட்ட குழந்தை, வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வராந்தா பெஞ்சிலிருந்து அம்மா எழுந்து வந்தார். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசுவதில்லை. யாரையும் பார்க்காமல், காற்றிடம் பேசுவதுபோல, "மதியம் டான்ஸ் கிளாஸ் இருக்கு" என்றார். மகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவள் டான்ஸ் கற்றுக்கொள்வது அவருக்கு அப்போதுதான் தெரியும்.

வீட்டில் என்னமோ சொல்லிக் கொடுத்து மனதைக் கெடுக்கிறார்கள் என்று தீர்மானித்து, ஆலோசகரிடம் புகார் சொல்லப் போனார். குடும்ப நீதிமன்றங்களுக்கான 1984-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இப்படி ஆலோசகர்களை வைக்க வழி செய்திருக்கிறார்கள். ஐம்பது வயது இருக்கும் அந்த அம்மாளுக்கு. அவர் கொட்டியதையெல்லாம் கேட்டுவிட்டு, "சார், பாப்பா இப்ப எந்த கிளாஸ்ல என்ன பாடம் படிக்கிறா?" என்று கேட்டார்.

"மூணாவது."

"பாடம்?"

தெரியவில்லை.

"அவளோட ஃபிரெண்ட் பேரு?"

அதுவும் தெரியவில்லை.

"நீங்க அஞ்சு வயசுக் குழந்தையைத் தேடிக்கிட்டு வர்றீங்க சார். வந்து உக்காருறது எட்டு வயசுக் குழந்தை. ஒவ்வொரு தடவையும் பரீட்சை வைக்கிற மாதிரி ஞாபகம் இருக்கான்னு கேட்டா, அவ என்ன பண்ணுவா?"

அவர் பேசவில்லை. ஆலோசகர் கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதெல்லாம் நல்லதா இருக்கு. அவளுக்கு வேற ஒண்ணும் ஞாபகம் இருக்கு. சத்தமாப் பேசினா பயமா இருக்குன்னு சொல்றா. தட்டு உடைஞ்ச அன்னைக்கு பீரோ பின்னாடி நின்னேன்னு சொன்னா."

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் அவர் வாசலிலேயே நின்றுகொண்டு வந்தார்.

அந்த இரவு அவருடைய ஞாபகப் பட்டியலில் இல்லை. மெரினா இருந்தது, வண்டலூர் இருந்தது, சடை இருந்தது. தவணை கேட்டு ஆள் வந்து வாசலில் கத்திவிட்டுப் போன அந்த இரவு, சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசியது இல்லை. அது பீங்கான் தட்டு. யார் மேலும் படவில்லை என்பதையே இத்தனை நாளும் தனக்குச் சாதகமாக வைத்திருந்தார். குழந்தை தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தார். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இடம் இருக்காது. அதற்குள் எப்படி நின்றிருப்பாள் என்று யோசித்தார். தாம்பரம் வரை போய்விட்டு, அடுத்த வண்டியில் குரோம்பேட்டைக்குத் திரும்பி வந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவர் 'ஞாபகம் இருக்கா' என்று ஆரம்பிக்கவில்லை. நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். மகள் முகம் அப்போதுதான் நேராகத் தெரிந்தது.

"பாப்பா, ஒருநாள் அப்பா தட்டைத் தூக்கி எறிஞ்சேன். நீ பயந்துட்டே. அது அப்பா பண்ணின தப்பு. அம்மா மேலயும் தப்பு இல்லை, உன் மேலயும் தப்பு இல்லை. இனிமே அப்படி நடக்காது."

அவள் எதுவும் சொல்லவில்லை. பொம்மைக் கூடையிலிருந்து சக்கரம் கழன்ற கார் ஒன்றை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பேசாமல் இருந்தார். கார் அவர் கைக்கு வந்தது. ஊக்கு ஒன்றை வளைத்து அச்சாக மாட்டி, சக்கரத்தைப் பொருத்திக் கொடுத்தார். அது ஓடியது. பக்கத்திலிருந்த ஒரு பையன் தன் கையிலிருந்த லாரியையும் நீட்டினான். பன்னிரண்டு மணிக்குள் நான்கு பொம்மைகள் சரியாகின. ஊக்கு எடுத்துக் கொடுத்தது மகள். நடுவில் டான்ஸ் கிளாஸ் பற்றிச் சொன்னாள். காலைத் தட்டினால் எரிகிறது என்றாள். ஃபிரெண்ட் பெயரையும் சொன்னாள். அவர் அதை மறக்காமல் இருக்க, ரயில் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டார்.

அதற்கு அடுத்த மாதம் வராந்தாவில் அவரே காற்றிடம் பேசினார். "வாரத்துல ஒருநாள் போன்ல பார்த்துப் பேசலாமா?" மகளின் அம்மா உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு வக்கீல்களும் பேசி, ஒப்புதல் மனு போட்டார்கள். புதன், ஞாயிறு இரவு ஏழு மணிக்குப் பத்து நிமிடம் வீடியோ கால் என்று முடிவானது.

இது யாரும் யாருக்கும் போடும் பிச்சை இல்லை. 2020 ஜனவரியில் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. குழந்தைக்குத் தாய், தந்தை இருவருடைய அன்பும் தேவை. ஒருவரிடம் குழந்தை இருந்தால், மற்றவர் பார்க்கவும் பழகவும் போதிய நேரம் கிடைக்க வேண்டும். நேரில் பார்ப்பது தவிர, தினமும் 5 முதல் 10 நிமிடமாவது பேசும் வாய்ப்பும் வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 26-வது பிரிவுப்படி, குழந்தையின் பொறுப்பு பற்றிய உத்தரவைச் சூழ்நிலை மாறும்போது மாற்றித் தரும்படியும் கேட்கலாம். முதல் உத்தரவோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை.

சட்டம் நேரத்தைத்தான் வாங்கித் தரும். அந்த நேரத்தில் என்ன பேசுவது என்பது அப்பா, அம்மா கையில். 'உங்க அம்மா என்ன சொன்னா?' என்று குழந்தையிடம் துப்பு கேட்பது, 'உங்கப்பா பணம் கொடுத்தாரா?' என்று தூது அனுப்புவது, குழந்தை சிரித்துக்கொண்டு திரும்பி வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, இவையெல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தைத் தின்றுவிடும். அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷத்தை அம்மாவிடம் மறைக்க வேண்டும் என்று ஒரு குழந்தை கற்றுக்கொண்டால், அதில் ஜெயித்தவர் யாரும் இல்லை.

போன மாதம் நான்காம் சனி. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். மகள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, அந்தப் பச்சை டப்பா இன்னும் இருக்கா?"

"எந்த டப்பா பாப்பா?"

"கடையில இருக்குமே. குட்டிக் குட்டி உருண்டையா, பளபளன்னு. எனக்கு எண்ண கத்துக் குடுத்தியே."

பழைய பேரிங்குகளைப் பிரித்துப்போட்ட பால்ரஸ் குண்டுகள். மழை நாளில் ஸ்கூல் லீவு விட்டால் குழந்தையைக் கடைக்குக் கூட்டிப் போவார். வேலை முடியும்வரை அழாமல் இருக்க, அந்த டப்பாவைக் கையில் கொடுத்து ஓர் ஓரத்தில் உட்கார வைப்பார். ஒன்று, இரண்டு என்று போகிற போக்கில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அவருக்கு நினைவே இல்லை.

"இருக்கும் பாப்பா. தேடுறேன்."

"அடுத்த தடவை எடுத்துட்டு வருவியா?"

வாசல் தாண்டும் வரை பார்த்துக்கொண்டு நின்றார். அன்று மதியம் ஷட்டரைத் திறந்ததும் முதல் வேலையாகப் பரண்மேல் ஏறினார். பழைய டியூப்களுக்கு அடியில் டப்பா கிடைத்தது. குண்டுகளில் துரு ஏறியிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாள் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார். பிறகு சோப்பு போட்டுக் கழுவி, துணியில் காயவைத்தார். பெட்ரோல் நாற்றம் போய்விட்டதா என்று ஒருமுறை முகர்ந்தும் பார்த்தார்.

எண்ணினால் 63 இருந்தன. இரண்டாம் சனிக்கு இன்னும் பதினான்கு நாட்கள்.