விரல் போனால் வருமா?

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் "கஜா" புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் அடியோடு சாய்ந்தன. கோடாரி கொண்டு வெட்டித் தீர்க்கிற வேலையா அது? மரம் அறுக்கும் மிஷின்கள் வந்து இறங்கின. அடைபட்ட சாலைகளைத் திறந்தவை அவைதான். வடக்கே தரங்கம்பாடிக் கரையோரச் சவுக்குத் தோப்பில் வெட்டு என்றாலும் இன்று மிஷின் சத்தம்தான்.

மிஷின் வந்தது. கையுறை வரவில்லை.

மிஷினைப் பிடிக்கிற கை பெரும்பாலும் வெறுங்கை. சிலர் கட்டட வேலைக்கு விற்கும் வெள்ளை நூல் கையுறையை மாட்டிக்கொள்கிறார்கள். வெறுங்கைக்கு அது மேல் என்ற நினைப்பு தவறு. நூல் கையுறை பிடியில் வழுக்கும். பிரிந்து தொங்கும் நூலைச் சங்கிலி கவ்வினால் விரலையும் சேர்த்து இழுக்கும்.

சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கிலோ மீட்டர்! அலகின் நுனியில், மேல் முனை மரத்தில் பட்டுவிட்டால் மிஷின் ஆள்மீது எகிறும். கண் இமைப்பதற்குள் நடந்துவிடும். அப்போது முன்பிடியில் இருப்பது இடது கை. பிடி நழுவினால் அந்தக் கைதான் சங்கிலிக்கு முன்னே போகும்.

இதனால்தான் இந்த வேலைக்கென்றே செய்யப்படும் கையுறையில் இடது கையின் புறத்தில் வெட்டுத் தாங்கும் இழைகளை அடுக்கி வைத்துத் தைக்கிறார்கள். பல ஜோடிகளில் வலது கைக்கு அது கிடையாது. வாங்கும்போது இடது புறங்கையை அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளங்கை தோலாக இருக்கட்டும். விரல் நுனியில் துணி தொளதொளவென்று ஆடக்கூடாது. நம் ஊர் வெயிலுக்குத் தோல் வியர்வையில் நனைந்து பிறகு விறைத்துப்போகும். நிழலில் உலர்த்தினால் நாள்பட வரும்.

கையுறை இருக்கிறதே என்று மெத்தனமும் ஆகாது. ஐரோப்பாவில் இவற்றைச் சோதிப்பது பெரும்பாலும் நொடிக்கு 16 அல்லது 20 மீட்டர் வேகத்தில். அதைத் தாண்டி ஓடும் மிஷின்கள் உண்டு. கட்டைவிரல் பிடியைச் சுற்றி வளைந்திருப்பதும், முன்தடுப்பும் பிரேக்கும் ஒழுங்காக வேலை செய்வதும்தான் முதல் காப்பு. அரம் போட்டுச் சங்கிலியைக் கூர் தீட்டும்போதும் கையுறை வேண்டும். மிஷின் நின்றால் என்ன, பல் பல்தானே!

கைக்கு விலை போட்டவர்களும் உண்டு. 1923-ம் ஆண்டு வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம், கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு நஷ்டம் என்றும், ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50 பங்கு என்றும் பட்டியல் போட்டது. ஆனால் தினக்கூலிக்குத் தோப்பில் இறங்குகிறவனிடம், இன்னாரிடம் வேலை செய்தேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது உண்டா?

"அவனே வாங்கிக்கொள்ளட்டும்" என்று தோப்புக்காரரும் காண்டிராக்டரும் கைகழுவுவது நியாயமல்ல. பெட்ரோல், ஆயில், அரம் எல்லாம் வேலைக் கணக்கில்தானே சேருகின்றன? கையுறையும் அதே கணக்கில் சேரட்டும். வாடகைக்கு மிஷின் விடுகிறவர், கையுறை ஜோடி இல்லாமல் மிஷினை வெளியே அனுப்பக்கூடாது. ஐப்பசி பிறந்தால் புயல் காலம். அதற்கு முன்பே வாங்கி வைத்துவிடலாம்.