கரண்ட்டுக்கும் ஒரு முறை வையுங்க

2012 தீபாவளிக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். வந்த அன்னிக்கு ராத்திரி ஒன்பதரைக்கு கரண்ட் போச்சு. பதினொண்ணுக்கு வந்துச்சு. பன்னெண்டுக்குத் திரும்பப் போச்சு. திண்ணையில் பனைமட்டை விசிறியோடு உட்கார்ந்திருந்தவன் மெதுவா ஆரம்பித்தான்.

"மாமா, எங்களுக்கும்தான் அங்க ரெண்டு மணி நேரம் கட்டு. நாட்டுலயே கரண்ட் இல்லைன்னா என்ன பண்றது? உங்களுக்காவது மோட்டாருக்கு இலவசம்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கேயும் எழுதுகிறேன். இதைப் படிக்கிற நீங்களும் பெரும்பாலும் பட்டணத்தில் இருக்கிறவங்க. உங்களுக்கும் அந்தக் கேள்வி இருக்கும்.

எனக்கு அம்மாப்பேட்டை பக்கம், வெண்ணாற்றுப் பாசனத்தில் பன்னெண்டு மா நிலம். மூணு மா ஒரு ஏக்கர்னு கணக்கு, ஆக நாலு ஏக்கர். ஒரு பில்டர் பாயிண்ட், அஞ்சு எச்.பி. மோட்டார். ஆத்துல தண்ணி வந்தா மோட்டாரைத் தொட வேண்டியதில்லை. 2012-ல் ஜூன் 12 அன்னிக்கு மேட்டூர் திறக்கவில்லை. செப்டம்பர் 17-ந் தேதிதான் திறந்தாங்க. கர்நாடகாவிடமிருந்து தண்ணி வாங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனதை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீங்க. வந்த தண்ணி எங்க வாய்க்காலில் கெண்டைக்கால் அளவுக்குக்கூட நிக்கலை. ஆகவே நாத்தங்காலிலிருந்து இன்னிக்கு வரைக்கும் பாதிக்கு மேல் மோட்டார் தண்ணிதான். சம்பா இப்ப தூர் கட்டுற பருவம். மேலுரம் போடணும். யூரியாவை வாங்கி வீட்டில் அடுக்கிவிட்டு, வயலில் தண்ணி கட்ட கரண்ட்டுக்குக் காத்திருக்கிறேன்.

மோட்டார் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டையால் நேரம் குறித்து வைப்பது என் வழக்கம். மூணு பேஸுக்கும் மூணு சின்ன பல்பு மாட்டியிருக்கேன். மூணும் எரிஞ்சா மோட்டார் ஓடும். ரெண்டு எரிஞ்சா வீட்டுக்கு லைட்டு மட்டும். தீபாவளிக்கு முந்தின வாரத்துக் கணக்கை அக்கா மகனுக்கு டார்ச் அடித்துக் காட்டினேன். ஒரு நாள் மூணும் எரிஞ்சது மொத்தம் நாலு மணி நேரம். அதுவும் சேர்ந்தாப்பல இல்லை. விடியக்காலை ஒரு மணி நேரம், மத்தியானம் நாப்பது நிமிஷம், ராத்திரி ரெண்டு தவணை. மறுநாள் வேறு நேரம். அதற்கு மறுநாள் வேறு.

"நாலு மணி நேரம் வந்துச்சுல்ல மாமா?" என்றான்.

இங்கேதான் பட்டணத்துக் கணக்கும் வயல் கணக்கும் பிரியுது. நாலு ஒரு மணி நேரத்தைக் கூட்டினா வயலுக்கு நாலு மணி நேரம் ஆகாது. மோட்டார் போட்டவுடன் தண்ணி நேரா பயிருக்குப் போகாது. காஞ்ச வாய்க்கால் முதல்ல குடிக்கும். எங்க களிமண் வெடிச்சுக் கிடந்தா அந்த வெடிப்பு குடிக்கும். கடைசி வயலுக்குத் தண்ணி எட்டவே முக்கால் மணி நேரம் ஆகும். அந்த நேரம் பார்த்து பல்பு ஒண்ணு அணையும். மோட்டார் நிக்கும். அடுத்த தடவை கரண்ட் வரும்போது வாய்க்கால் மறுபடி காஞ்சிருக்கும். மறுபடி முதலிலிருந்து. நாள் பூரா மோட்டார் ஓடின மாதிரி இருக்கும், மடைவாயில் இருக்கிற ஒரு வயல்தான் நனைஞ்சிருக்கும். நிலத்தடி நீரும் வீண், கரண்ட்டும் வீண். பற்றாக்குறை காலத்தில் இதைவிடப் பெரிய விரயம் உண்டா?

மின்வெட்டே கூடாதுன்னு நான் சொல்ல வரலை. அது எப்படி நடக்குதுன்னு எங்க பக்கத்து மின்வாரிய ஊழியர் ஒருத்தர் ஒரு தடவை விளக்கினார். மின்சாரத்தைக் குதிர் கட்டி சேமித்து வைக்க முடியாது. செலவாகிற அளவு அந்தந்த நொடியில் உற்பத்தி ஆகணும். எல்லா மின்நிலையமும் ஒரே நுகத்தில் பூட்டின மாடு மாதிரி நொடிக்கு 50 சுற்று என்கிற ஒரே வேகத்தில் இழுக்கணும். பாரம் கூடினா வேகம் குறையும். ரொம்பக் குறைஞ்சா ஒண்ணு பின்னால் ஒண்ணாக எல்லா நிலையமும் கழன்றுவிடும். அதுக்கு முன்னால் பாரத்தை இறக்கணும். சென்னையில் இருக்கிற மின்சுமை மையம் சொல்லும், அந்தந்த துணைமின்நிலையத்தில் பீடரை நிறுத்துவாங்க. இறக்காமல் விட்டால் என்ன ஆகும்னு 2012 ஜூலை 30, 31-ல் வட இந்தியா பார்த்துச்சு. ரெண்டாவது நாள் 60 கோடிப் பேருக்கு மேல் இருட்டில் கிடந்தாங்க. நம்ம தெற்குக் கட்டமைப்பு அப்போ வடக்கோடு ஒரே வேகத்தில் பூட்டப்படாததால் நாம தப்பிச்சோம். ஆனா அதே காரணத்தால்தான் அங்கே உபரி இருந்தபோதும் வேண்டிய அளவு இங்கே கொண்டுவர அப்போ வழியில்லாமல் போச்சு. 2012-ல் தமிழ்நாட்டுக்கு கிட்டத்தட்ட 4,000 மெகாவாட் துண்டு விழுந்துச்சு என்றாங்க. காத்தாலைகள் கைகொடுக்கிறது வைகாசியிலிருந்து புரட்டாசி வரைக்கும். ஐப்பசியில் ஆரல்வாய்மொழிக் காத்து அடங்கினதும் இருட்டு கூடிப்போச்சு.

டெல்டாக்காரனுக்கு இதில் இன்னொரு இடி. மேட்டூரில் தண்ணி திறந்தால் அந்தத் தண்ணியே அணைக்குக் கீழே மின்சாரமும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் எங்ககிட்ட வருது. அணையைப் பூட்டினால் அந்த மின்சாரமும் இல்லை, ஆத்துத் தண்ணியும் இல்லை. அதே நாளில் டெல்டா முழுக்க மோட்டாரைப் போடுவோம். தண்ணி வராத வருஷம்தான் கரண்ட்டும் அதிகம் தேவைப்படும். அந்த வருஷம்தான் அதுவும் வராது.

ஆகவே வெட்டித்தான் ஆகணும். என் கேள்வி, யாருக்கு, எப்போ, சொல்லிட்டா சொல்லாமலா என்பதுதான்.

பற்றாக்குறையைப் பங்கு போடுறது எங்களுக்குப் புதுசு இல்லை. ஆத்துல தண்ணி குறைஞ்சா முறை வைப்பாங்க. ஆறு நாள் காவிரிக்கு, அடுத்த ஆறு நாள் வெண்ணாற்றுக்குன்னு முறை வச்ச வருஷங்கள் உண்டு. வாய்க்காலுக்குள்ளேயும் முறை உண்டு. இன்னிக்கு ராத்திரி தெற்குத் தெரு மடை, நாளைக்குக் கீழத் தெரு மடைன்னு ஊருக்கே தெரியும். முறை இல்லாத நாளில் காஞ்சாலும் கையைக் கட்டிக்கிட்டு இருப்போம். மண்வெட்டி பிடித்து வரப்பில் சண்டை வந்ததெல்லாம் தண்ணி குறைஞ்சதுக்காக இல்லை, யாரோ முறையை மீறி மடையை உடைச்சதுக்காகத்தான். தண்ணி கம்மின்னா மனுஷன் தாங்குவான். எப்ப வரும்னு தெரியாததையும், தலைமடைக்காரன் மட்டும் நிறைய எடுத்துக்கிறதையும்தான் தாங்க மாட்டான்.

2012-ல் சென்னையைப் பாருங்க. ரெண்டு மணி நேரம், காலை 8-லிருந்து சாயங்காலம் 6-க்குள், எந்த ஏரியாவுக்கு எந்த நேரம்னு பட்டியல் போட்டிருந்தாங்க. அக்கா மகன் அந்த நேரம் ஆபீஸில் இருப்பான், அங்கே ஜெனரேட்டர் ஓடும். அவனுக்கு முறை இருந்துச்சு. எங்களுக்கு 12 மணி நேரம், 14 மணி நேரம் போச்சு, முறை கிடையாது. கரண்ட்டு ஆத்துல சென்னை தலைமடை, நாங்க கடைமடை. காவிரியில் கர்நாடகாவைப் பார்த்து நாம சொல்றதையே இங்கே உங்களைப் பார்த்து நான் சொல்ல வேண்டியிருக்கு. அதுதான் சங்கடம்.

அப்புறம் அந்த 'இலவசம்'. 1984-ல் சிறு விவசாயிக்கும், 1990-ல் எல்லா விவசாயிக்கும் மின்சாரத்தை இலவசமாக்கினாங்க. அதுக்கு முன்னால் கொங்கு நாட்டில் பெரிய போராட்டங்கள் நடந்திருக்கு. 1970-ல் திருப்பூர் பக்கம் பெருமாநல்லூரில் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏத்தினதை எதிர்த்துப் போராடினபோது மூணு விவசாயிகள் துப்பாக்கிச்சூட்டில் செத்தாங்க. ஆக, யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததில்லை. ஆனாலும் ஒண்ணை ஒத்துக்கிறேன். இலவசம் ஆனதும் மீட்டர் போச்சு. மீட்டர் போனதும் கணக்கு போச்சு. எங்க மோட்டார் எவ்வளவு இழுக்குதுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. வரவு வராத பீடரை நிறுத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை, கேட்கவும் ஆளில்லை. முதல் வெட்டு அங்கேதான் விழும். இலவசமே எங்களை வரிசையில் கடைசிக்குத் தள்ளிடுச்சு.

எங்க ஆளுங்க பண்றதையும் சொல்லணும். ரெண்டு பேஸ் இருக்கும்போது கண்டன்சர் போட்டு மோட்டாரை ஓட்டுறோம். நானும் ஓட்டியிருக்கேன். பக்கத்து வீட்டில் டியூப்லைட் கண்சிமிட்டும், டிரான்ஸ்பார்மர் உறுமும். கரண்ட் வந்த நொடியில் தானா ஓடுற மாதிரி ஆட்டோ சுவிட்ச் மாட்டியிருக்கோம். ஊர் மோட்டார் மொத்தமும் ஒரே நொடியில் எழுந்தால் எந்த டிரான்ஸ்பார்மர் தாங்கும்? ஐப்பசியில் எங்களது பியூஸ் போச்சு, என் மோட்டாரில் காயில் போச்சு. காயில் கட்ட ஆன செலவைப் பார்த்தால் என் கரண்ட் இலவசமா என்று எனக்கே சந்தேகம். டீசல் இன்ஜின் வாடகைக்கு எடுக்கலாம்னா, 2012 செப்டம்பரில்தான் லிட்டருக்கு 5 ரூபாய் ஏத்தினாங்க.

இதெல்லாம் பேராசையால் பண்றதில்லை. எப்ப வரும்னு தெரிஞ்சா எவன் ஆட்டோ சுவிட்ச் போடுவான்? தெரியாததால்தான் ராத்திரி கொட்டகையில் படுக்கிறோம். போன வாரம் ஒன்றரை மணிக்கு பல்பு எரிஞ்சதும் எழுந்து மடை மாத்தப் போனேன். வரப்பில் டார்ச் வெளிச்சத்துக்குள் ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது. வீட்டில் சொல்லவில்லை. இதைப் படிக்கிற சொந்தக்காரங்க யாரும் அவளிடம் சொல்லிட வேண்டாம்.

2012 ஜூனில் குறுவைத் தொகுப்பு அறிவிச்சபோது டெல்டாவுக்கு 12 மணி நேரம் மும்முனை மின்சாரம்னாங்க. இப்ப நான் 12 கேட்கலை. ஆறு மணி நேரம் போதும். ஆனா சேர்ந்தாப்பல ஆறு, பகலில் ஆறு. ஊரை ரெண்டாப் பிரிச்சு ஒரு வாரம் பாதிக்குக் காலையில், பாதிக்கு மத்தியானம், அடுத்த வாரம் மாத்திப் போடுங்க. அந்தப் பட்டியலை துணைமின்நிலைய வாசலிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்க. ஒட்டின நேரத்தில் கொடுக்க முடியலைன்னா விட்டுப்போன நேரத்தை மறுநாள் சேர்த்துக் கொடுங்க. வாய்க்காலில் லஸ்கர் அப்படித்தான் செய்வார். பதிலுக்கு ஆட்டோ சுவிட்சையும் கண்டன்சரையும் கழட்டச் சொல்லுங்க, நான் முதல் ஆளாகக் கழட்டுறேன். காசு வாங்க இல்லாமல் கணக்குப் பார்க்க மட்டும் டிரான்ஸ்பார்மருக்கு ஒரு மீட்டர் வைக்கணும்னாலும் எனக்குச் சம்மதம். இதைச் சொன்னதுக்கு ஊரில் ரெண்டு பேர் என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

உங்களிடம் கேட்பதும் ஒண்ணு உண்டு. நாளைக்கு சென்னையில் ரெண்டு மணி நேரத்தை நாலாக்கினால் திட்டுவீங்க. திட்டுங்க, அது உரிமை. கூடவே, அந்த ரெண்டு மணி நேரம் கடைமடைக்கு ஒழுங்கா, சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததான்னும் கேளுங்க. நாங்க கேட்டால் இலவசக்காரன் கேட்கிறான்னு தள்ளிடுவாங்க. பணம் கட்டுற நீங்க கேட்டால் பதில் சொல்லியாகணும்.

அக்கா மகன் ஊருக்குக் கிளம்பும்போது, "மாமா, கரண்ட் வந்தா போனுக்குத் தகவல் வர்ற மாதிரி ஒரு ஸ்டார்ட்டர் இருக்காம், வாங்கி அனுப்பவா?" என்றான். வாங்கி அனுப்புடா என்றேன். வேண்டாம்னு சொல்ற நிலைமையிலா இருக்கேன்? ஆனா கரண்ட் வந்த பிறகு தகவல் வந்து என்ன, வர்றதுக்கு முன்னால் சொல்லணும். அதுக்கு மெஷின் எதுவும் வேண்டாம். ஒரு காகிதமும் கொஞ்சம் பசையும் போதும்.

இதை எழுதி முடிக்கிறப்ப ராத்திரி பத்தே கால். ரெண்டு பல்புதான் எரியுது.