கணக்கும் காவலும்

நோய் வந்தபின் மருந்து தேடுவார் பலர்; அது வரும் வழியை முன்னரே அறிந்து அடைப்பார் மிகச் சிலர். அவ்வழியை அறிதற்குரிய கருவி கணக்கேயாம். அக்கணக்கும் அன்றன்றே கிடைத்தாலன்றிப் பயன் தராது. இதற்கு நம் இலங்கையின் மலேரியா வரலாறே தக்க சான்று.

1934-35ஆம் ஆண்டுகளிற் பரவிய மலேரியாவினால் இந்நாட்டில் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். பின்னர் வீடுதோறும் டி.டி.ரி. தெளித்தும், நோயாளரைத் தேடி மருந்தளித்தும் வந்தமையால், 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் 17 பேரிடத்தே மட்டும் அந்நோய் காணப்பட்டது. பகை ஒழிந்ததென்று மகிழ்ந்தோம். தெளித்தல் நின்றது, காவலும் தளர்ந்தது. விளைவு யாது? 1969ஆம் ஆண்டில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பகை ஒழியவில்லை, நாமே கண்ணயர்ந்தோம்.

நெடுங்கால முயற்சியின் பயனாக, 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்று பகர்ந்தது. அதே ஆண்டின் இறுதியிலேதான், நகர்ப்புறக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. நோயுள்ள நாடுகளிலிருந்து வருவோரும் அதன் கிருமியை உடன்கொண்டு வருதல் கூடும்.

“இல்லாத நோய்க்கு இத்துணைச் செலவு ஏன்?” என வினவுவாரும் உளர். எண் குறையக் குறையக் காவல் மிகவேண்டும் என்பதே எம் கருத்து. காய்ந்த ஓலைக் கூரையில் வீழ்ந்த பொறி ஒன்றேயாயினும், அதனை அப்பொழுதே கண்டவனன்றோ வீட்டைக் காப்பான்? பொறியாக இருக்கையிற் காணாதான் தீயாக வளர்ந்தபின் கண்டு ஆவதென்ன?

இன்று ஓரூரின் காய்ச்சற் செய்தியைக் கணினி நொடிப்பொழுதில் தலைநகர்க்கு அறிவிக்கும். ஆயினும், மனிதன் எழுதாததை அஃது அறியாது. எனவே, வைத்தியத் தொழில் புரியும் நம் பழைய மாணவர்காள், அரசாங்க வைத்தியசாலையாயினும் தனியார் மருத்துவ நிலையமாயினும், அறிவிக்கவேண்டிய நோயை அன்றே அறிவியுங்கள். நாளை அறிவிப்போம் என்னும் சோம்பல் அயலாரின் உயிருக்கு உலையாகும். வெளிநாடு சென்று மீண்டோர், காய்ச்சல் கண்டால் தம் பயணத்தை வைத்தியரிடம் ஒளியாது உரைத்தல் வேண்டும். அவ்வாறு உரைப்பவரின் பெயரை வெளியிடாது காத்தல் அரசின் கடன், அந்நம்பிக்கை கெடின், மக்கள் நோயை மறைப்பர், கணக்கும் பொய்த்துவிடும்.

இளைய மாணவர்காள், நீவிர் வகுப்பிற் கற்கும் புள்ளிவிவரம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று. அதில் வரும் ஒவ்வோர் எண்ணும் ஒரு மனித உயிரென உணர்மின்!