வீடு நம்முடையது, திறப்பு யாரிடம்?



யுத்த காலத்தில் வெளிநாட்டில் இருந்த கணவரோடு, பிள்ளையோடு கதைப்பதற்கு நாம் எங்கே போனோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கல்முனைக்கோ அக்கரைப்பற்றுக்கோ பஸ் ஏறி, தொலைபேசிக் கடையில் வரிசையில் இருப்போம். முறை வந்ததும் பெட்டிக்குள் நின்று கதைப்போம். கடைக்காரருக்கும் கேட்கும், பின்னால் நிற்பவருக்கும் கேட்கும். வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல வந்தவள் "எல்லாரும் சுகம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிய நாட்கள் எத்தனை!

இன்று அந்தக் கடை நம் வீட்டு முன்னறைக்கே வந்துவிட்டது. மேசையில் பச்சை விளக்கு எரிகின்ற ஒரு சிறிய பெட்டி. கதவைச் சாத்திவிட்டுக் கதைக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியின் திறப்பு யாருடைய கையில் இருக்கின்றது என்று நாம் யோசித்திருக்கிறோமா? நானும் யோசித்தவள் அல்ல. கடந்த வருடம் பாலமுனையில் ஒரு குடும்பம்தான் எனக்கு அதைப் படிப்பித்தது.

அந்த வீட்டில் மூன்று பெண்கள். மூத்தவரை நான் மாமி என்று கூப்பிடுவேன். 1990இல் வயலுக்குப் போன அவரது கணவர் திரும்பி வரவில்லை. மடியில் ஒரு பெண் குழந்தை. தையல் இயந்திரத்தை நம்பியே அந்தப் பிள்ளையை வளர்த்து, நம் ஊர் வழக்கப்படி வீடும் எழுதிக் கொடுத்துக் கல்யாணம் செய்து வைத்தார். மகளின் வாழ்க்கை சரிவரவில்லை. மருமகன் பிரிந்து, பின்வளவு மதிலுக்கு அப்பால் இருக்கும் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டார். தாபரிப்பு வழக்கு காதி நீதிமன்றத்தில் நடக்கின்றது. பேத்தி உயர்தரம் படிக்கிறாள். மகள் தைக்கின்ற அபாயாக்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பித்தான் ஓடர் பிடிக்கிறாள். ஆகவே அந்த வீட்டுக்கு இணையம் ஆடம்பரம் அல்ல. அடுப்பு எரிவதும் அதனால்தான்.

என்னிடம் வந்த முறைப்பாடு சிறியதாகத்தான் தெரிந்தது. மாதத்துக்கென்று காசு கட்டிய டேட்டா பத்தாம் பன்னிரண்டாம் திகதியோடு முடிந்துவிடுகிறது. பேத்தியின் வகுப்பு பாதியில் நின்றுவிடுகிறது. அதைச் சொல்லிவிட்டுப் போகும்போது மகள் வாசலில் நின்று மெதுவாக இன்னொன்று சொன்னாள்:

"மிஸ், அவரு நேத்து வழியில கண்டு கேட்டாரு, ராவு ஒரு மணி மட்டும் போன்ல யாரோட இருந்த எண்டு. நான் தைச்சிட்டுத்தான் இருந்த. அவருக்கு எப்பிடித் தெரியும்?"

தாபரிப்பு வழக்கு நடக்கும் நேரத்தில் ஒரு பெண்ணிடம் இப்படிக் கேட்பதன் அர்த்தம் உங்களுக்கு விளங்கும். அது நாளை காதியாரின் முன்னால் அவளது நடத்தை பற்றிய பேச்சாக மாறலாம்.

முதலில் நான் விட்ட பிழையைச் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று சிம் போடும் மோடம். 2020இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மருமகன் வாங்கி வைத்தது. இணைப்பு மாமியின் பெயரில். மற்றது றவுட்டர். பின்னறைத் தையல் மேசைக்கு அலைவரிசை எட்டவில்லை என்று, கத்தாரில் இருந்து வந்த உறவினர் ஒருவர் பிறகு கொண்டுவந்து, மோடத்தோடு வயரில் இணைத்து வைத்தது. வீட்டில் எல்லோரும் பாவிப்பது இந்த றவுட்டரின் வைபையைத்தான். நான் றவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் போனில் அடித்து, அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தேன். "இனி யாரும் வர ஏலாது" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதமும் டேட்டா பன்னிரண்டாம் திகதி முடிந்தது. அதே மாதிரியான கேள்வியும் திரும்ப வந்தது.

நான் சமூகவியல் படித்தவள். கணினிக்காரி அல்ல. விடயத்தைக் கண்டுபிடித்தவள் பேத்திதான். அவள் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறாள். "மிஸ், நாம உள்கதவத்தான் பூட்டியிரிக்கம். படலை திறந்து கிடக்கு" என்றாள்.

அவள் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். ஒவ்வொரு பெட்டியும் தனக்குள் ஓர் ஒழுங்கையை வைத்திருக்கின்றது. அந்த ஒழுங்கையில் இருக்கும் போன்களுக்கும் கணினிகளுக்கும் வீட்டிலக்கம் கொடுப்பது அந்தப் பெட்டிதான். 192.168 என்று தொடங்கும் இலக்கங்கள் உலகத்தில் எல்லா வீடுகளும் உள்ளுக்குள் பாவிப்பதற்காக ஒதுக்கி வைக்கப்பட்டவை. பாலமுனையிலும் இருக்கும், பாரிஸிலும் இருக்கும். வெளி இணையத்தில் செல்லாது. மாமியின் றவுட்டருக்கு 192.168.0.1. மோடத்துக்கு வேறு ஒழுங்கை, வேறு இலக்கம். நான் திறந்தது றவுட்டரின் பக்கம். மோடத்துக்குத் தனியான பக்கமும் தனியான வைபையும் உண்டு என்பதையே நான் நினைக்கவில்லை. அந்த வைபை முன்னறையில் இருந்து இரவு பகலாக வீசிக்கொண்டே இருந்தது.

பேத்தி றவுட்டரின் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். அதில் நிலைமை காட்டும் பகுதியில், இணையத்துக்குப் போகும் பக்கத்தில், 'கேட்வே' என்று ஓர் இலக்கம் இருந்தது: 192.168.1.1. கேட்வே என்றால் நுழைவாயில். றவுட்டர் தனக்குத் தெரியாத இலக்கம் எது வந்தாலும் அந்த வாயிலுக்குத்தான் அனுப்பும். அந்த வாயிலில் நிற்பது மோடம். ஆகவே நாம் எந்த வயரையும் கழற்றவில்லை. தையல் மேசையில் இருந்தபடியே, றவுட்டரின் வைபையில் இருந்த போனில் அந்த இலக்கத்தை அடித்தோம். மோடத்தின் வாசல் திறந்து கடவுச்சொல் கேட்டது.

மாமி எட்டிப் பார்த்து, "என்ட வீட்டுக்குள்ள எனக்குத் தெரியாம இன்னொரு வாசலா?" என்றார்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல் வேலை செய்யவில்லை. யாரோ மாற்றியிருக்கிறார்கள். மோடத்தை வாங்கி வைத்தவர் யார் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நான் யாரையும் குற்றம் சாட்டி எழுத விரும்பவில்லை. முன்பு மகளிடம் சொல்லி வைத்திருந்த ஒரு சொல்லை அவள் நினைவில் இருந்து எடுத்துச் சொன்னாள். அது பலித்தது. இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தோம். றவுட்டரைத் தவிர இன்னும் இரண்டு போன்கள். இரண்டும் அந்த வீட்டுப் போன்கள் அல்ல.

இந்த இடத்தில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். மோடத்தின் பக்கத்துக்குள் நுழைபவர் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது, எவ்வளவு டேட்டா போகிறது என்று பார்க்கலாம். இணைப்பை நிறுத்தலாம். நாம் ஓர் இணையத் தளத்துக்குப் போக, வேறொன்றுக்குத் திருப்பிவிடவும் முடியும். ஆனால் வட்ஸ்அப்பில் நாம் எழுதுவதையும் பேசுவதையும் அங்கிருந்து வாசிக்க முடியாது. அது பூட்டிய கடிதம் போல் போகின்றது. இரவு ஒரு மணிக்கு விழித்திருந்ததை வட்ஸ்அப்பில் கடைசியாக வந்த நேரம் காட்டுவதை வைத்தும் ஒருவர் சொல்லலாம். அதனால் அதையும் மறைத்தோம். வட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தில் வேறு கணினி ஏதும் சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்தோம். பயத்தில் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது, ஒன்றையும் பாராமல் விடவும் கூடாது.

பூட்டுவதற்கு முன் இரண்டு வேலை செய்தோம். ஒன்று, அந்தப் பட்டியலைத் திகதி தெரியும்படி படம் எடுத்து வைத்தோம். அழித்த பிறகு அத்தாட்சி இருக்காது. மற்றது, மகளிடம் கேட்டோம்: "வழி அடைபட்டது தெரிந்தால் அவர் கோபித்து வருவாரா?" இதைக் கேட்காமல் எந்தப் பூட்டும் போடக் கூடாது சகோதரிகளே. அவள் யோசித்து, தாய்மாமனுக்கு முதலில் சொல்லட்டும் என்றாள். அவர் அன்றிரவு அங்கே வந்து தங்கினார். அதன் பிறகுதான் மாற்றினோம்.

மாற்றியவை இவை: மோடத்தின் நிர்வாகக் கடவுச்சொல். மோடத்தின் வைபையை முற்றாக நிறுத்தினோம். றவுட்டரே வீட்டுக்குப் போதும். பொத்தான் அழுத்திச் சேர்கின்ற டபிள்யூ.பி.எஸ். வசதியையும், வெளியில் இருந்து நிர்வகிக்கும் வசதியையும் நிறுத்தினோம். மோடத்தின் வைபை நின்றாலும், றவுட்டர் வழியாக 192.168.1.1 என்று அடித்து நாம் எப்போதும் உள்ளே போகலாம். அதுதான் இந்த வழியைத் தெரிந்து வைத்திருப்பதன் பயன்.

மறுநாள் மாமி தன் அடையாள அட்டையோடு நிறுவனத்தின் கிளைக்குப் போனார். இணைப்பு அவர் பெயரில் இருந்தாலும், இரகசிய இலக்கம் வருவதற்கென்று கொடுத்திருந்த போன் இலக்கம் மருமகனுடையது! அதையும் மாற்றிக்கொண்டு வந்தார்.

உங்கள் வீட்டில் இப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. மூன்று விதமான தடைகள் வரலாம்.

இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே இலக்கம் இருந்தால், றவுட்டர் அந்த இலக்கம் தன்னுடையது என்று நினைத்துத் தன் பக்கத்தையே காட்டும். சில வேளை இணையமே வராது. அப்போது றவுட்டரின் உள் இலக்கத்தை 192.168.2.1 என்பது போல் மாற்ற வேண்டும்.

சில வீடுகளில் மோடத்தைப் 'பிரிட்ஜ்' முறையில், அதாவது வெறும் பாலமாக, வைத்திருப்பார்கள். அப்போது கேட்வே என்று காட்டுவது நிறுவனத்தின் இலக்கமாக இருக்கும். மோடத்தின் இலக்கத்தை அடித்தாலும் அது நேரே வெளியே போய்த் தொலைந்துவிடும். மடிக்கணினி ஒன்றை வயரால் நேரடியாக மோடத்தில் செருகிப் பார்ப்பதுதான் இலகுவான வழி.

கடவுச்சொல் ஒன்றும் பலிக்காவிட்டால், பெட்டியின் பின்னால் இருக்கும் சிறு துளைக்குள் ஊசியை விட்டுப் பத்து வினாடியளவு அழுத்தினால் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். ஆனால் போன் லைனில் வரும் இணைப்பென்றால் நிறுவனம் தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து இணையம் நின்றுவிடக் கூடும். முதலில் நிறுவனத்தைக் கேளுங்கள். திரும்பிய உடனே ஒட்டுத்தாளில் இருக்கும் சொல்லை மாற்றுங்கள். அதை வாசித்தவர் எத்தனை பேரோ!

இது குடும்பப் பிணக்கு உள்ள வீடுகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2016இல் 'மிராய்' என்ற தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கெமராக்களையும் றவுட்டர்களையும் தேடிப் பிடித்துத் தன் அடிமையாக்கியது. அதன் கையில் இருந்தது அறுபது சொச்சம் சொற்களின் ஒரு பட்டியல் மட்டுமே. உலகம் முழுவதும் இலட்சக்கணக்கான பெட்டிகள் அதற்குத் திறந்து கொடுத்தன.

அனுமதியில்லாமல் இன்னொருவரின் கணினிக்குள் நுழைவது நம் நாட்டில் குற்றம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அதைச் சொல்கிறது. ஸ்ரீலங்கா சேர்ட் என்னும் அரச நிறுவனம் 2006 முதல் இப்படியான விடயங்களில் உதவுகின்றது. துன்புறுத்தல் என்று உணர்ந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். உங்கள் வீட்டுப் பெட்டிதானே என்று வெட்கப்பட வேண்டாம்.

அந்த மாதம் டேட்டா இருபத்தெட்டாம் திகதி வரை இருந்தது. வழியில் அந்தக் கேள்வி பிறகு வரவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை. அதற்கு எந்த இலக்கமும் மருந்தல்ல.

புதிய கடவுச்சொல்லைப் பேத்தி ஒரு கடதாசியில் எழுதினாள். மாமிக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அதை வாங்கி மடித்து, வீட்டு உறுதி வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "உறுதியும் திறப்பும் ஒரு இடத்துல இரிக்கட்டும்" என்றார்.

இந்த மாதம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, இரகசிய இலக்கம் யார் போனுக்கு வருகிறது, நிர்வாகக் கடவுச்சொல் யாருக்குத் தெரியும் என்று பாருங்கள். பதில் தெரியாவிட்டால், உயர்தரம் படிக்கும் ஒரு பெண் பிள்ளை உங்கள் ஒழுங்கையிலும் இருப்பாள். அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். நானும் அப்படித்தான் படித்தேன்.