திராட்சை சொல்லும் சேதி

ஒயின் என்றதும் உலகம் சொல்லும் முதல் பெயர்களில் ஒன்று, "போர்டோ". அது பிரான்சு நாட்டில் உள்ள ஒரு பகுதி.

அங்கே விவசாயி தன் இஷ்டப்படி திராட்சை பயிரிட்டு, அதில் செய்ததைப் "போர்டோ ஒயின்" என்று விற்க முடியாது. எந்த நிலம், எந்த ரகம், எப்படித் தயாரிப்பது என்பதற்கெல்லாம் விதி உண்டு. 1936-ம் ஆண்டு முதல் இருந்து வரும் கட்டுப்பாடு அது.

அந்த விதியே இப்போது வளைந்து கொடுத்து விட்டது!

2021-ம் ஆண்டில் 6 ரகங்கள் புதிதாக அனுமதிக்கப்பட்டன. "டூரிகா நேஷனல்" என்ற போர்ச்சுகல் நாட்டு ரகமும் அதில் ஒன்று. அநேகமாக மறந்து போன "காஸ்டே" என்ற பழைய உள்ளூர் ரகமும் அதில் இருக்கிறது.

காரணம் என்ன? வெயில்!

இனிப்பு கூடினால்...

திராட்சை பழுக்கப் பழுக்கச் சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். சாறு நொதிக்கும்போது "ஈஸ்ட்" என்ற நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். ஆகவே, சர்க்கரை கூடினால் போதை கூடும். புளிப்பு குறைந்தால் ருசி மாறும்.

போர்டோவில் அதிகம் பயிராவது "மெர்லோ". அது சீக்கிரம் பழுக்கும் ரகம். உஷ்ணம் கூடினால் கேட்க வேண்டுமா?

664 ஆண்டுக் கணக்கு

இது வெறும் பயம் அல்ல. பிரான்சின் பர்கண்டி பகுதியில் "போன்" என்று ஓர் ஊர். அங்கே 1354 முதல் 2018 வரை திராட்சை அறுவடை நடந்த தேதிகளை ஆராய்ச்சியாளர்கள் திரட்டி, 2019-ல் வெளியிட்டார்கள். முன்பெல்லாம் சராசரியாகச் செப்டம்பர் 28-ந் தேதி வாக்கில் அறுவடை நடந்தது. 1988-க்குப் பிறகு அது 13 நாள் முந்தி விட்டது.

குளிர் தேசமான இங்கிலாந்திலும் மாற்றம் வந்திருக்கிறது. "டெய்டிஞ்சர்" என்ற பிரெஞ்சு ஷாம்பெய்ன் கம்பெனி 2015-ல் அங்கே கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கியது. 2017-ல் கொடி நட்டது.

எது வைத்தியம்?

அன்னிய ரகம் கலந்தால் பழம்பெருமை போய் விடாதா? அதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். புதிய ரகங்களை ஒரு விவசாயி தன் தோட்டத்தில் 5 சதவீதத்துக்கு மேல் நடக்கூடாது. ஒயினில் 10 சதவீதத்துக்கு மேல் கலக்கக்கூடாது. பெருமையையும் காத்து, பிழைப்புக்கும் வழி தேடும் ஏற்பாடு இது. இது நியாயமானதே.

திராட்சைக் கொடி காய்க்கவே சுமார் 3 ஆண்டு ஆகும். பிறகு பல பத்தாண்டுகள் நிற்கும். இன்று நடுகிறவன் பேரன் காலத்து வெயிலையும் எண்ணித்தான் நட வேண்டும். கொஞ்சமாகப் பயிரிட்டுச் சோதித்துப் பார்க்க இதுவே சமயம்.

ஒயினைத் தொடாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. திராட்சையைச் சுடும் வெயில் நெல்லையும் கோதுமையையும் விட்டு வைக்காது.

ரகத்தை மாற்றுவது முதலுதவி மட்டுமே. நிலக்கரியும் பெட்ரோலும் கக்கும் புகையைக் குறைப்பதுதான் வைத்தியம். அதை எல்லா நாடுகளும் சேர்ந்து செய்ய வேண்டும். நாள் கடத்தினால் நோய் முற்றும்!