உள்ளங்காலையும் பாருங்கள்

சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் வேகத்தைப் பேசச் சொன்னால் நம்மவர்களுக்கு வாய் ஓயாது. பாதத்தைத் திருப்பிப் பார்ப்பவர்தான் குறைவு. முயல் விரட்டுவது இன்று 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் கரிசல் காட்டில் ஓடிய நாயைச் சிலர் பைக்குக்குப் பின்னால் தார்ச்சாலையில் ஓடவிடுகிறார்கள். என்ன பெருமையோ! வெயிலேறிய தாரில் பாதத்தோல் கொப்புளித்து உரிந்துவிடும். புறங்கையைச் சில நொடி சாலையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். சீமைக்கருவேல முள்ளோ உள்ளேயே ஒடிந்து சீழ் வைக்கும். கொதித்தாறிய உப்புநீரில் கழுவி, முள்ளை எடுத்து, விரலிடுக்கில் பஞ்சு வைத்து, இறுக்காமல் கட்டி, தினமும் கட்டை மாற்றுங்கள். ஆழமான வெட்டுக்குக் கால்நடை மருத்துவர்தான். கழிவு எண்ணெய் பூசும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம். நாய் அதை நக்காமல் விடாது.